எங்க எஸ்டிபிக்கு எந்த வாத்தியார் சரிப்படுவாரு?

மூணு மாசமா எங்க அசோசியேஷன் மீட்டிங்ல பார்க்கிங் சண்டை கூட நின்னு போச்சு, ஒரே பேச்சு எஸ்டிபிதான், அதாவது எங்க சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட். 120 வீடு, சென்னை ஓஎம்ஆர்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, பில்டர் பன்னெண்டு வருஷம் முன்னாடி போட்டுக் குடுத்துட்டுப் போன பிளான்ட், பேஸ்மென்ட் ஓரத்துல இருக்கு. காலைல எட்டு மணி ஆனா போதும், தண்ணிய தெளிய விடுற செட்டிலிங் டேங்க்ல இருந்து பழுப்பு நுரையோட ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியா சேறு, வழிஞ்சு ஃபில்டருக்குப் போகும், ஃபில்டர் அடைக்கும், பத்து மணிக்கு பி பிளாக் மாமி வாட்ஸ்அப் குரூப்ல மூக்கைப் பொத்துற எமோஜி போடுவாங்க, பதினொரு மணிக்கு நான் கீழ எறங்கிப் போவேன். நான்தான் டிரஷரர். படிச்சது மெக்கானிக்கல், வேலை பாக்குறது கார் பார்ட்ஸ் கம்பெனில, சாக்கடைக்கும் எனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லன்னு நெனச்சுட்டு இருந்த ஆளு.

பழச இடிச்சுப் போட்டோ இல்ல மாத்தியோ தரேன்னு அஞ்சு கோட்டேஷன் வந்துச்சு. எம்பிபிஆர், எஸ்பிஆர், எம்பிஆர், ஐஐடி பாம்பேல இருந்து வந்த மண் வடிகட்டி, அப்புறம் டிவாட்ஸ். அஞ்சும் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற வேற வேற மெத்தடு, ஒவ்வொண்ணா கீழ சொல்றேன். அஞ்சுலயும் முதல் பக்கத்துல பச்சை இலை படம், அஞ்சுலயும் 'சஸ்டெய்னபிள்'. படிச்சுப் படிச்சு மண்டை காஞ்சதுதான் மிச்சம்.

காலேஜ்ல கூடப் படிச்ச ஒருத்தன் இப்ப ஒரு இன்ஜினியரிங் காலேஜ் சிவில் டிபார்ட்மென்ட்ல என்விரான்மென்டல் எடுக்குறான், அவன் பிஎச்டியும் கழிவுநீர்லதான். ஒரு ஞாயித்துக்கிழமை பிரியாணி வாங்கிக் குடுத்து உக்கார வச்சேன். கோட்டேஷன் அஞ்சையும் புரட்டிப் பாத்துட்டு சொன்னான்: "டேய், இதுல ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஏதோ ஒரு யுனிவர்சிட்டி வாத்தியாரோட ரிசர்ச் இருக்கு. அந்தாளு எந்த ஊரு கஷ்டத்துக்காக இத பண்ணாருன்னு பாரு. அந்தக் கஷ்டம் உனக்கும் இருந்தா வாங்கு. இல்லன்னா அவரு பரிசு வாங்குனதோட விட்டுரு."

அந்த ஒரு வரிய வச்சுதான் இந்த மொத்த ஒப்பீடும். இதே நேரத்துல புதுக்கோட்டை பக்கம் என் மச்சினன் ஒரு ஸ்கூல் ஹாஸ்டல் கட்டிட்டு இருக்கான், 200 பசங்க தங்குறது, அவனும் "அத்தான், செப்டிக் டேங்க் போதுமா, வேற ஏதாவது போடணுமா"ன்னு போன் மேல போன். அதனால ரெண்டு எடத்துக்கும் சேத்தே பாத்தேன், ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் வந்துச்சு.

முதல்ல நம்ம தண்ணி எவ்வளவுன்னு பாத்துடலாம், ஏன்னா வெண்டர்ங்க ஒருத்தர் 80 கிலோலிட்டர்ங்குறாரு, இன்னொருத்தர் 100ங்குறாரு. வீட்டுக்கு நாலு பேர்னு வச்சா 480 பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதுல 85 சதவீதம் சாக்கடைக்கு வரும்னு போட்டா 55 கிலோலிட்டர். 60க்கு டிசைன் பண்ணா தாராளம். அழுக்கோட அளவு பிஓடின்னு சொல்றாங்க, அதாவது தண்ணில கெடக்குற அழுக்கத் தின்னு முடிக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்குற கணக்கு, வீட்டு சாக்கடைல லிட்டருக்கு 250 மில்லிகிராம் வாக்குல இருக்கும். 60 கிலோலிட்டருக்கு அது 15 கிலோ. அமோனியாவையும் சேத்து பாத்தா நாளைக்கு 30 கிலோ ஆக்சிஜன் தண்ணிக்குள்ள போகணும், சுமாரான பிளோயர், அதாவது காத்து ஊதுற மெஷின், கூட ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல கரைக்கும்ங்குறான் நண்பன், ஆக 30 யூனிட்ல முடிய வேண்டிய வேலை. எங்ககிட்ட ஓடுறது 5 எச்பி பிளோயர், 24 மணி நேரமும், நாளைக்கு 90 யூனிட். யூனிட் எட்டு ரூபான்னு வச்சாலும் மாசம் 21,000க்கு மேல காத்துக்கு மட்டும் போகுது. இந்தக் கணக்க மீட்டிங்ல சொன்னப்ப பிரசிடெண்ட் சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, அவ்வளவுதான், ஒண்ணும் சொல்லல.

இந்தக் காத்து ஊதுற மெத்தடு 1914ல மான்செஸ்டர்ல ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் பண்ணது. நூறு வருஷம் தாண்டியும் உலகத்துல எத்தனையோ ஊரு இதுலதான் ஓடுது. ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் இதுக்கு அப்புறம் யோசிச்சது மூணே விஷயம்தான், கரன்ட்டக் கொறைக்கணும், எடத்தக் கொறைக்கணும், ஸ்லட்ஜக் கொறைக்கணும். மூணும் ஒரே நேரத்துல கெடைக்காது.

எம்பிஆர், அதாவது சவ்வு வச்சு வடிகட்டுற மெத்தடுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எங்க குரூப்ல பாதி பேருக்கு அதுதான் பிடிச்சிருக்கு. வெண்டர் ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டு வந்து காட்டுனாரு, பிஸ்லெரி மாதிரி இருந்துச்சு, ஒரு அங்கிள் மோந்து கூட பாத்தாரு. சவ்வு வச்சு வடிகட்டுறது முன்னாடியே இருந்துச்சு, ஆனா வெளிய தனியா சவ்வு வச்சு பயங்கர பிரஷர்ல தண்ணிய அனுப்பணும், கரன்ட் தின்னும். டோக்கியோ யுனிவர்சிட்டில கசுவோ யமமோட்டோ 1989ல என்ன பண்ணாருன்னா, மயிரிழை மாதிரி குழாய் சவ்வுகள அந்த காத்தடிக்கிற டேங்க்குக்குள்ளயே முக்கிட்டு, லேசா உறிஞ்சுனாரு. அவ்வளவுதான். செட்டிலிங் டேங்க்கே வேண்டாம். டோக்கியோவுல எடம் தங்கம், பெரிய கட்டடங்கள்ல சுத்தம் பண்ண தண்ணிய திரும்ப டாய்லெட்டுக்கு விடுற பழக்கமும் அங்க இருந்துச்சு, அதுக்கு இது அல்வா மாதிரி.

எங்களுக்கு அந்தக் கஷ்டம் பாதி இருக்கு. டாய்லெட்டுக்கு தனி லைன் இருக்கு, ஆனா மஞ்சத் தண்ணி வருதுன்னு முக்கால்வாசி வீட்டுல வால்வ மூடிட்டாங்க. ஃபிளஷ்ஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர்னு போட்டா கூட 22 கிலோலிட்டர்தான் வேணும், மிச்சம் 33 கிலோலிட்டர் செடிக்கும் வெளியவும்தான் போகுது. செடிக்கு எதுக்குய்யா பிஸ்லெரி? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாக்டீரியாவுக்கு ஒரு பிளோயர், சவ்வு மேல அழுக்கு ஒட்டாம கழுவ இன்னொரு பிளோயர். ஹைப்போ, சிட்ரிக் ஆசிட்னு கெமிக்கல் கழுவல் வேற. தலைமுடி ஒரு கொத்து உள்ள போனா சவ்வுல சடை பின்னிக்கும், முன்னாடி ரொம்ப மெல்லிசு சல்லடை வேணும், அத தினமும் சுத்தம் பண்ணணும். சில வருஷத்துக்கு ஒரு தடவை சவ்வயே மாத்தணும், அந்தத் தொகைய கோட்டேஷன்ல தேடித் தேடிப் பாத்தேன், இல்ல. கேட்டதுக்கு "அது அப்ப பாத்துக்கலாம் சார்"னாரு. அப்ப டிரஷரர் வேற யாராவது இருப்பாங்க, அதுதான் அவரு கணக்கு.

எஸ்பிஆர் இன்னொரு கதை. ஒரே டேங்க்ல நெரப்பு, காத்து ஊது, ஆஃப் பண்ணு, தெளிய விடு, மேல இருக்குற தண்ணிய எடு, மறுபடி நெரப்பு. வேடிக்கை என்னன்னா 1914ல மான்செஸ்டர்ல பண்ணதும் இப்படி நெரப்பி எடுக்குறதுதான், ஆனா ராத்திரி பகலா ஆள் நின்னு வால்வ திருப்பணும், அதனால அத விட்டுட்டாங்க. அமெரிக்காவுல நோட்டர் டேம் யுனிவர்சிட்டி ராபர்ட் இர்வின் அதத் திரும்ப எடுத்து, டைமரும் கன்ட்ரோல் பேனலும் வந்தாச்சே, இப்ப ஆள் எதுக்குன்னு கேட்டாரு. இண்டியானாவுல கல்வர்ங்குற சின்ன ஊர்ல 1980ல ஓட்டிக் காமிச்சாரு. நல்ல யோசனை, தண்ணில இருக்குற நைட்ரஜன் அளவு எல்லாம் அருமையா எறங்கும், டேங்க்கும் கம்மி.

ஆனா அந்த மொத்த வித்தையும் நிக்கிறது பேனல் மேல. எங்க பேனல் எப்படின்னா, எலி ஒயரக் கடிக்கும், வோல்டேஜ் ஏறி எறங்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப பேஸ்மென்ட்ல தண்ணி ஏறி பேனல் முழுசா போச்சு, பதினோரு நாள் பிளான்ட் ஓடல. பதினோரு நாள் காத்து இல்லாம அந்த பாக்டீரியா எல்லாம் செத்து நாறுன நாத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. வர்ற தண்ணிக்கு ஏத்த மாதிரி சைக்கிள மாத்தத் தெரிஞ்ச ஆபரேட்டரும் வேணும். எங்க ஆபரேட்டர் தம்பி நல்ல பையன், சொன்னா செய்வான், ஆனா மாசம் குடுக்குற சம்பளத்துக்கு அவன் பேனலுக்குள்ள இருக்குற பிஎல்சி கம்ப்யூட்டர் புரோகிராம் பாக்கணும்னு எதிர்பாக்குறது அநியாயம். ஆன் ஆஃப் சுவிட்சு, வால்வு, வாளி, இதுக்குள்ளதான் நம்ம டெக்னாலஜி இருக்கணும்.

இந்த எடத்துல ஒரு ஏக்கத்தையும் சொல்லிடுறேன். நெதர்லாந்துல டெல்ஃப்ட் யுனிவர்சிட்டில மார்க் வான் லூஸ்ட்ரெக்ட்னு ஒருத்தர், இதே நெரப்பி எடுக்குற டேங்க்ல பாக்டீரியாவ பஞ்சு மாதிரி பறக்க விடாம மணி மணியா உருட்டிட்டாரு. கேழ்வரகு மணி சைசுக்கு. மணியா இருக்குறதால கல்லு மாதிரி சட்டுனு அடியில உக்காந்துடும், மணியோட வெளிப்பக்கம் ஆக்சிஜன் உண்டு உள்பக்கம் கெடையாது, அதனால நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் ஒரே டேங்க்ல எறங்குது. நெரடாங்குற பேர்ல தென்னாப்பிரிக்கா கான்ஸ்பாய்லயும் நெதர்லாந்து எபேலயும் ஊரு சைசுக்கு ஓடுது. 2018ல ஸ்டாக்ஹோம் தண்ணி பரிசு அவருக்கும் அமெரிக்காவுல இருக்குற புரூஸ் ரிட்மனுக்கும் சேத்துக் குடுத்தாங்க. எனக்கு இத படிச்சதும் "இதுதான்டா"ன்னு தோணி நண்பனுக்கு போன் போட்டேன். சிரிச்சான். "அது நகராட்சி லெவல் மேட்டர்டா. அந்த மணி உருளணும்னா பாக்டீரியாவ பட்டினி போட்டு, சாப்பாடு போட்டு, நேரம் பாத்து தண்ணி எடுத்து, பக்குவமா வளக்கணும். உங்க தம்பி ஒரு நாள் லீவு போட்டா மணி மறுபடி பஞ்சாயிடும்." சரி, விட்டுட்டேன்.

இப்ப மறுபக்கம், காத்தே வேண்டாம்னு சொல்ற கோஷ்டி. எனக்கு ரிசர்ச் கதைலயே ரொம்பப் பிடிச்சது இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நெதர்லாந்து வாகனிங்கன் யுனிவர்சிட்டில காட்ஸே லெட்டிங்கா, 1970கள்ல, சர்க்கரைக் கிழங்கு (சுகர் பீட், பீட்ரூட் சாதி, அதுல இருந்து சர்க்கரை எடுப்பாங்க) ஆலைக் கழிவ காத்தே இல்லாம சுத்தம் பண்ண ஒரு ரியாக்டர் போட்டாரு. கீழ இருந்து தண்ணி மேல ஏறும், நடுவுல ஸ்லட்ஜ் ஒரு போர்வை மாதிரி மெதக்கும், அதுல இருக்குற பாக்டீரியா அழுக்கத் தின்னு மீத்தேன் விடும். யுஏஎஸ்பின்னு பேரு. கரன்ட் செலவு இல்ல, அதுக்கு மேல கேஸ் வேற வருது, ஸ்லட்ஜும் துளியூண்டு, ஏன்னா காத்துல வளர்ற பாக்டீரியா தின்னதுல பாதிய ஒடம்பாக்கிக்கும், காத்தில்லாம வளர்றது பத்துல ஒரு பங்கு கூட ஆக்கிக்காது. இவ்வளவும் பண்ணிட்டு மனுஷன் பேட்டன்ட் வாங்கல, யார் வேணா கட்டிக்கங்கன்னு விட்டுட்டாரு. 2009ல சிங்கப்பூர்ல லீ குவான் யூ தண்ணி பரிசு குடுத்தாங்க.

கவனிச்சீங்களா, சர்க்கரைக் கிழங்கு ஆலை வருஷம் முழுக்க ஓடாது. அறுவடை சீசன்ல சில மாசம்தான். மிச்ச மாசம் ரியாக்டர் பட்டினி. காத்தில்லாம வாழ்ற இந்த பாக்டீரியா மாசக் கணக்குல சோறு இல்லாம தூங்கிக் கெடந்துட்டு, மறுபடி தண்ணி வந்ததும் எழுந்துக்கும். இதப் படிச்சப்ப எனக்கு மச்சினன் ஹாஸ்டல்தான் ஞாபகம் வந்துச்சு. ஏப்ரல் கடைசில பூட்டுனா ஜூன்லதான் தொறப்பாங்க. காத்தடிக்கிற எந்த பிளான்ட் போட்டாலும் ஒவ்வொரு ஜூனும் முதல்ல இருந்து பாக்டீரியா வளக்கணும், அதுக்கு சாணி கரைச்சு ஊத்தணும், ஒரு மாசம் நாத்தம். லெட்டிங்காவோட கஷ்டமும் மச்சினன் கஷ்டமும் அச்சு அசல் ஒண்ணு.

நம்ம நாட்டுல இது ஏற்கனவே வந்துடுச்சு. கான்பூர் ஜாஜ்மாவ்ல 1989ல நாளைக்கு 50 லட்சம் லிட்டர் சுத்தம் பண்ற யுஏஎஸ்பி டச்சுக்காரங்க ஒத்துழைப்போட போட்டாங்க, அப்புறம் யமுனை ஓரமா வரிசையா கட்டுனாங்க. வெயில் ஊரு, பாக்டீரியாவுக்கு ஜாலி. ஆனா பிஓடில 60ல இருந்து 70 சதவீதம்தான் எறங்கும். 250 உள்ள போனா 75க்கு மேலதான் வெளிய வரும். 2017 மத்திய அரசு விதிப்படி பெருநகரத்துல 20, மத்த ஊர்ல 30, 2019ல பசுமைத் தீர்ப்பாயம் 10ன்னு இன்னும் இறுக்கிடுச்சு. ஆக இது பின்னாடி கண்டிப்பா இன்னொண்ணு வேணும்.

கேஸ் வச்சு சமையல் பண்ணலாம்னு ஒரு வெண்டர் ஆசை காட்டுனாரு. கணக்கு போட்டேன். எங்க 60 கிலோலிட்டர்ல நல்லா ஓடுனா நாளைக்கு 6 கனமீட்டர் மீத்தேன், எடை போட்டா நாலு கிலோ வாக்குல, அதுலயும் ஒரு கிலோ வாக்குல தண்ணியோட கரைஞ்சு ஓடிடும். 120 வீட்டுக்கு ஒரு நாளைக்கு சிலிண்டர்ல கால்வாசி! பெரிய பிளான்ட்டுக்கு அது சரி, கொடுங்கையூர்ல மெட்ரோ வாட்டர் கேஸ்ல கரன்ட் எடுக்குறாங்க. நம்ம சைசுக்கு அந்த கேஸ பிடிக்கலன்னா அது அப்படியே மேல போகும், மீத்தேன் நூறு வருஷக் கணக்குல கார்பன் டைஆக்சைட விட 28 மடங்கு சூடாக்கும். கரன்ட் மிச்சம்னு பச்சை இலை போடுறவங்க இத ஒரு வரி கூட சொல்லல. அதனாலதான் எனக்கு அந்த இலைய பாத்தாலே கடுப்பு.

டிவாட்ஸ் இதே குடும்பம்தான், ஆனா இன்னும் எளிமை. ஸ்டான்ஃபோர்ட்ல பெரி மெக்கார்ட்டி குரூப் 1980கள்ல ஒரு டேங்க்குக்குள்ள குறுக்கு சுவரா வச்சு தண்ணிய மேல கீழ மேல கீழன்னு ஏறி எறங்க விட்டாங்க, ஒவ்வொரு அறைலயும் அடியில இருக்குற ஸ்லட்ஜ உரசிட்டுப் போகும். அசையுற பார்ட் ஒண்ணு கூட கெடையாது. அதுக்கு அப்புறம் சரளைக் கல்லு படுக்கை, மேல செடி. நாணல வச்சு தண்ணி சுத்தம் பண்ணலாம்னு ஜெர்மனில கேத்தே சைடல் 1950கள்லயே ஆராய்ச்சி பண்ணாங்க, அப்ப நெறைய பேர் நம்பல. இந்த ரெண்டு வேலையையும் கோத்து ஜெர்மனி போர்டா அமைப்பு ஏழை ஊர்களுக்குன்னு டிவாட்ஸ் ஆக்குச்சு, நம்ம பக்கம் ஆரோவில்காரங்க நெறைய கட்டிருக்காங்க, புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரில போய் பாக்கலாம், தண்ணி தோட்டத்துக்குப் போகுது.

பிடிச்சிருக்கு, ஆனா எங்க எடத்துல? சரளைப் படுக்கைக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர்னு வச்சா கூட 480 சதுர மீட்டர், ரெண்டு கிரவுண்டுக்கு மேல. ஓஎம்ஆர் பக்கம் ரெண்டு கிரவுண்ட் இருந்தா எங்க ஆளுங்க எஸ்டிபியா போடுவாங்க, இன்னொரு பிளாக்கே கட்டிருப்பாங்க. நிலத்தடித் தண்ணி வேற மழைல மேல வரைக்கும் ஏறும், பூமிக்குள்ள காலி டேங்க் போட்டா தெப்பம் மாதிரி தூக்கிடும்.

புதுக்கோட்டைல கதையே வேற. 200 பேருக்கு 200 சதுர மீட்டர், அஞ்சு சென்ட். மச்சினன்கிட்ட ஸ்கூல் பின்னாடி தரிசாவே ரெண்டு ஏக்கர் கெடக்கு. நிலம் லேசா சரிவு, பம்பே இல்லாம தண்ணி தானா எறங்கும். "மாப்ள, குறுக்கு சுவர் டேங்க்கு போடு, பின்னாடி சரளை போட்டு கல்வாழையும் சம்புப் புல்லும் நடு, தண்ணி சரளையோட மேல்மட்டத்துக்குக் கீழயேதான் ஓடணும், மேல தெரிஞ்சா கொசு"ன்னு சொன்னேன். "அத்தான், அந்தத் தண்ணிய கீரைப் பாத்திக்கு விடலாமா"ன்னான். பச்சையா திங்கிற எதுக்கும் வேண்டாம், தென்னைக்கு விடுன்னேன். கிச்சன்ல இருந்து வர்ற எண்ணெய்க்கு மட்டும் தனியா ஒரு பொறி வைக்கச் சொன்னேன், எண்ணெய் படிஞ்சா அந்த பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வச்சு ஸ்லட்ஜ உறிஞ்சணும், மறந்துடாதன்னு நாலு தடவை சொல்லிருக்கேன், மறந்துடுவான்.

மண் வடிகட்டி எனக்கு ரொம்ப நாள் ஆசை காட்டுனது. ஐஐடி பாம்பே கெமிக்கல் இன்ஜினியரிங்ல எச்.எஸ். சங்கர் உருவாக்குனது, சாயில் பயோ டெக்னாலஜி, சுருக்கி எஸ்பிடி. கல்லு, மண்ணு மாதிரி ஒரு கலவை, மண்புழு, பாக்டீரியா, மேல செடி, அது மேல தண்ணிய தெளிச்சு விடணும். கீழ எறங்குறதுக்குள்ள காத்து தானா சேரும், பிளோயர் கெடையாது. கரன்ட் கணக்கு போட்டு பாருங்க, 60,000 லிட்டர 5 மீட்டர் தூக்குறதுக்கு, சுமாரான பம்ப் கூட ரெண்டு யூனிட்ல முடிச்சிடும், மூணு தடவை சுத்த விட்டா கூட ஆறு யூனிட். எங்களுது 90! ஸ்லட்ஜும் பெருசா வராது, நாத்தமும் இல்ல. எங்க பிரச்சனை எடம் மட்டும்தான். வெண்டர் காட்டுன டிராயிங்ல பசங்க விளையாடுற எடம் முழுசா போயிடுது. அத மீட்டிங்ல காமிச்ச அன்னிக்கு அம்மாக்கள் பாத்த பார்வைய நான் மறக்க மாட்டேன். மும்பைல எடம் கம்மின்னு நெனைக்கிறோம், ஆனா கேம்பஸ்ல, பார்க்ல, ஸ்கூல்ல போடுறதுக்கு இது சரி, எங்க மாதிரி சுவத்துக்கு சுவர் கட்டுன எடத்துக்கு இல்ல. புது கம்யூனிட்டி கட்டுற பில்டர் இத ஆரம்பத்துலயே பிளான்ல போட்டா நான் அந்த வீட்டதான் வாங்குவேன்.

மிச்சம் எம்பிபிஆர். நார்வே டிரான்ட்ஹைம் யுனிவர்சிட்டில ஹால்வார்ட் ஒடெகார்ட் 1980கள் கடைசில கால்ட்னெஸ் கம்பெனியோட சேந்து பண்ணது. பிளாஸ்டிக்ல சின்னச் சின்ன சக்கரம், விரல் நகம் சைசு, அத டேங்க்ல கொட்டி காத்தடிச்சா சுத்திட்டே இருக்கும், பாக்டீரியா சக்கரத்துக்கு உள்பக்கமா பாசி மாதிரி ஒட்டி வளரும். ஒரு கனமீட்டர் சக்கரத்துல 500 சதுர மீட்டர் ஒட்டுற எடம். நார்வேல என்ன கஷ்டம்? குளிரு, அதனால பிளான்ட்டையே கட்டடத்துக்குள்ள வைக்கணும், டேங்க்க பெருசாக்க எடம் இருக்காது, இருக்குற டேங்க்லயே கூட வேலை வாங்கணும். குளிர்ல அமோனியா தின்ற பாக்டீரியா மெதுவா வளரும், தண்ணியோட அடிச்சுட்டுப் போகாம பிடிச்சு வைக்கணும்.

குளிரு எங்களுக்கு இல்ல. ஆனா மிச்சம் ரெண்டும் அப்படியே நாங்கதான்! கட்டடத்துக்குள்ள இருக்கு, பெருசாக்க முடியாது, காலைல ஸ்லட்ஜ் அடிச்சுட்டுப் போகுது. சக்கரத்துல ஒட்டுனது போகாது. ஸ்லட்ஜ திரும்ப பம்ப் பண்ற வேலையும் மிச்சம், ஆபரேட்டர் தம்பிக்கு அதுதான் தலைவலியே, "சார் எவ்வளவு திருப்பி விடணும்"னு தினம் கேப்பான், எனக்கும் தெரியாது.

குறை இல்லாம இல்ல. கரன்ட் பெருசா கொறையாது, சக்கரத்த சுழட்டணுமே. கொறைக்கணும்னா பிளோயருக்கு விஎஃப்டி, அதாவது மோட்டார் ஸ்பீட கூட்டிக் கொறைக்கிற பெட்டி, வச்சு, ஆக்சிஜன் மீட்டர் பாத்து, ராத்திரி ஸ்பீட எறக்கணும், சக்கரம் சுத்துறது நிக்காத அளவுக்கு. அதுவும் போக ஒரு எடத்துல நானே கரன்ட்ட கூட்டித்தான் கேட்டுருக்கேன். காத்து வர்ற டிஃப்யூசர்ல ரெண்டு வகை. ரப்பர் சவ்வுல பொடிக் குமிழி வர்றது, கரன்ட் மிச்சம், ஆனா சில வருஷத்துல அடைச்சுக்கும், டேங்க்க காலி பண்ணி ஆள் எறங்கி மாத்தணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்ல ஓட்டை போட்டு பெரிய குமிழி விடுறது, கரன்ட் கூட, ஆனா வருஷக் கணக்குல தொட வேண்டாம். நான் ஸ்டீல் பைப்தான் கேட்டேன். ஏன்னா இந்த டேங்க்ல தேங்குற விஷ வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் தாண்டுனா மூக்குக்கு நாத்தமே தெரியாது, அப்புறம் ஆளே இருக்க மாட்டான். மனுஷன எறக்கி சாக்கடை சுத்தம் பண்றதுக்கு எதிரான 2013 சட்டம் தடுத்தும் வருஷா வருஷம் அபார்ட்மென்ட் டேங்க்ல எறங்கி ஆளுங்க சாகுறாங்க. மாசம் ரெண்டாயிரம் மிச்சம் பண்ண எங்க தம்பிய உள்ள எறக்க என்னால முடியாது. மீட்டிங்ல ஒருத்தர் "அதுக்கு கான்ட்ராக்டர் இருக்காங்களே"ன்னாரு. அவருக்கு நான் பதில் சொல்லல, பி பிளாக் மாமிதான் சொன்னாங்க, நல்லாவே சொன்னாங்க. அன்னைல இருந்து அவங்க எமோஜி மேல எனக்கு கோவமில்ல.

நண்பன் கடைசியா ஒண்ணு சொன்னான், எந்த வெண்டரும் சொல்லாதது. "எந்த வாத்தியார எடுத்தாலும் சரி, முதல்ல கலெக்ஷன் டேங்க்க பெருசாக்கு." ஆறு மணில இருந்து ஒம்போது வரைக்கும் மொத்த அபார்ட்மென்ட்டும் குளிக்குது, எங்க டேங்க் 8,000 லிட்டர்தான், நெறஞ்சதும் பம்ப் முழு ஸ்பீட்ல தள்ளுது, அதுதான் எட்டு மணி வழியலுக்கே காரணம். ஆறு மணி நேரத் தண்ணியாவது, 15,000 லிட்டர், தேக்கி வச்சு நாள் முழுக்க ஒரே சீரா விடணும். தோட்டத்துக்குன்னு கட்டி பல வருஷமா காலியா கெடக்குற ஒரு 20,000 லிட்டர் சம்ப் பக்கத்துலயே இருக்கு. நல்ல தண்ணி லைனோட அதுக்கு எந்தத் தொடர்பும் இல்லன்னு பிளம்பர வச்சு ரெண்டு தடவை செக் பண்ணியாச்சு. அத சேத்தாலே இப்ப இருக்குற பிளான்ட் கூட பாதி ஒழுங்காயிடும்ங்குறான்.

ஆக இப்போதைக்கு முடிவு இதுதான். முதல்ல சம்ப், பேனல தரைத்தளத்துல நெஞ்சு உசரத்துல தூக்கி மாட்டுறது, அத பண்ணிட்டு ரெண்டு மாசம் ஓட்டிப் பாக்குறது. அப்புறம் எம்பிபிஆர், ஸ்டீல் பைப், விஎஃப்டி. ஃபிளஷ்ஷுக்குப் போற 22 கிலோலிட்டருக்கு மட்டும் பின்னாடி நல்ல ஃபில்டர். எம்பிஆர் வேணும்னு நிக்கிறவங்க இன்னும் ஒரு பன்னெண்டு பேர் இருக்காங்க, ஜனவரி மீட்டிங்ல மறுபடி பாட்டில் வரும்.

எம்பிபிஆருக்கு ரெண்டு வெண்டர்ங்க சக்கரம் சாம்பிள் அனுப்பிருந்தாங்க. நல்ல எச்டிபிஇ பிளாஸ்டிக்கா இருந்தா அடர்த்தி 0.95 கிட்ட, தண்ணிய விட கொஞ்சூண்டு லேசு, மெதக்கணும். பழைய பிளாஸ்டிக்க உருக்கி பவுடர் கலந்து ஊத்துனா கனம் ஏறிடும். நேத்து ராத்திரி ரெண்டு வாளில தண்ணி பிடிச்சு, ஒவ்வொண்ணுலயும் இருபது சக்கரம் போட்டு, நானும் என் பொண்ணும் உக்காந்து எண்ணுனோம். ஒரு வாளில இருபதும் மேல. இன்னொண்ணுல ஏழு சக்கரம் நேரா அடிக்குப் போயிடுச்சு, அதுதான் விலை கம்மி கோட்டேஷன். அந்த வெண்டர் காலைல இருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாரு, நான் இன்னும் எடுக்கல.